சுமையும் நிலமும்: தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் திணைநோக்கு

1. தோற்றுவாய்

நிலத்தைப் பாடிய புலவர்களைப் பற்றி நம் தமிழ்த்துறைகள் எழுதிக் குவித்த ஆராய்ச்சி பெரிது. அதே நிலத்தை ஒளியாலும் நிழலாலும் எழுதுகின்ற கலைஞர்களைப் பற்றி அவை எழுதியதோ மிகச் சிறிது. திரைப்படத்தைப் பற்றிப் பேசப் புகுவாரும் கதையையும் உரையாடலையும் பாடலையும் ஆராய்ந்து, ஒளிப்பதிவிற்கு வந்தவுடன் ‘கண்ணுக்கு இனிய காட்சிகள்’ என்னும் ஒரு தொடரோடு அமைந்து விடுகின்றனர். இப்பாராட்டு கலைஞருக்குப் பெருமை தருவதன்று. அவர் செய்தது இன்னதென நாம் ஆராயவில்லை என்பதற்கே அது சான்றாகும்.

இக்குறையை ஒருவாறு நீக்கும் கருத்துடன், தேனி ஈஸ்வர் என்னும் ஒளிப்பதிவாளரின் அண்மைப் படைப்புகளை யாம் ஈண்டு ஆராய்கின்றோம். லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டு மாதம் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, ராம் இயக்கி 2019 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்த ‘பேரன்பு’, மாரி செல்வராஜ் இயக்கிய ‘கர்ணன்’ (2021), ‘மாமன்னன்’ (2023), ‘வாழை’ (2024) ஆகிய ஐந்துமே ஆராய்ச்சிக்குரியன. இவற்றுள் சில பெருநடிகர்களைக் கொண்ட வணிகப் படங்கள். சில கலைப்படம் எனத் தனித்து எண்ணப்படுபவை. இருவகையிலும் ஒரே கண் தொழிற்பட்டுள்ளது என்பதும், அக்கண் நாடுவது காட்சியின் அழகையன்று, மனிதன் சுமக்கும் சுமையையே என்பதும் எமது கருத்து. இதனை நிறுவுதற்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு எத்துணைத் துணை செய்யும், எவ்விடத்தில் அது போதாதாகும் என்பதையும் உடன் காண்பாம்.

2. நிலமும் அதன் இரு முகங்களும்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழ, இடையே கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் இந்நிலம், 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பெற்ற பின், மலையைக் குடைந்து கொணர்ந்த நீரால் இருபோகம் விளையும் மருதமாயிற்று. நாட்காட்டிகளிலும் விளம்பரங்களிலும் நாம் காணும் தேனி இப்பசிய நெல்வயலும், தென்னந்தோப்பும், திராட்சைப் பந்தலும், பின்னே நீலமாய்த் தோன்றும் மலையுமே.

இதற்கு மற்றொரு முகம் உண்டு. போடி, தேவாரம், கோம்பை முதலிய ஊர்களின் மேற்கே மலையடிவாரத்தில் கிடப்பவை வானம் பார்த்த மேட்டு நிலங்கள். மலைக்கு அப்பால் கேரளத்து இடுக்கிப் பகுதியில் ஏலத்தோட்டங்கள் உள்ளன. அங்கு வேலைக்குச் செல்வோருள் பலர் இவ்வடிவாரத்து ஊரினர். தோட்டம் ஓரிடத்தும், சந்தை ஓரிடத்தும், உழைப்போன் வீடு வேறோரிடத்துமாக அமைந்த நிலம் இது. போடிநாயக்கனூர் வணிகத்தில் ‘ஏலம்’ என்னும் சொல் விளைபொருளையும் குறிக்கும். அதனை விலைகூறி விற்கும் முறையையும் குறிக்கும். முன்னையது பழந்தமிழ்ச் சொல். பின்னையது போர்த்துக்கீசியத்தினின்றும் வந்தது. ஓரொலியில் வந்து பொருந்திய இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு, மூடை சுமப்பவன் ஒருவனது நடையின் தொலைவாகும். அந்நடையையே ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ தன் பொருளாகக் கொண்டது.

இப்படத்தின் இசையமைப்பாளர் இளையராஜா இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர். தேனி அல்லிநகரத்தினரான பாரதிராஜா 1977இல் ‘16 வயதினிலே’ படத்தின் வாயிலாகத் தமிழ்ப் படக்கருவியைப் படப்பிடிப்பு நிலையத்தினின்றும் சிற்றூர்த் தெருவிற்குக் கொணர்ந்தார். அதன் ஒளிப்பதிவாளர் நிவாஸ். எனவே, இந்நிலம் தமிழ்த் திரைக்குப் புதியதன்று. ஆயினும் இந்நிலத்தின் பெயரையே தம் பெயரின் முன் தாங்கிய ஒளிப்பதிவாளர் ஒருவர் இம்மலையைத் தொழிற்களமாகக் கண்டமை கருதத்தக்கது.

3. பின்னணி மலையும் பணிக்கள மலையும்

மலையைத் தமிழ்ப்படம் எவ்வாறு கண்டுவந்தது என்பதற்கு ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு ‘மூன்றாம் பிறை’ (1982). பாலுமகேந்திரா இயக்கி, ஒளிப்பதிவும் செய்து, ஒளிப்பதிவிற்கான தேசிய விருதும் பெற்ற படம் அது. அதில் உதகையின் பனியும் மழையும் மங்கிய ஒளியும் தலைமக்களின் மனநிலைக்கு இடமாக நிற்கின்றன. மலை அங்கே உள்ளத்தின் நீட்சி. குறிஞ்சிப் பாட்டு மரபின் நேரிய வழித்தோன்றல் எனலாம். இதனைக் குறையெனக் கூறோம். அகப்பாட்டு வேண்டும் மலை அதுவே.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் மலை வேறாகின்றது. ரங்கசாமி என்னும் கூலித்தொழிலாளி விடியுமுன் எழுந்து நடக்கின்றான். வழியில் எதிர்ப்படுவோர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பணியையோ பொருளையோ அவன்பால் ஒப்புவிக்கின்றனர். மலையேறி, மேலிருந்து ஏலமூடைகளைச் சுமந்து கீழிறங்குவது அவன் தொழில். சொந்தமாகச் சிறிது நிலம் வாங்குவது அவன் ஆசை. இக்கதைக்குப் பெருந்திருப்பங்கள் தேவைப்படவில்லை. ஏறுதலும் இறங்குதலுமே கதையாகின்றன.

இங்கு ஈஸ்வரின் கருவி செய்வது யாது? மிகப் பெரும்பாலான காட்சிகளில் அது நடப்பவனின் உயரத்திலேயே நடக்கின்றது. சேய்மைக் காட்சியில் மனிதன் சரிவின்மீது சிறியதோர் உருவாகத் தோன்றுகின்றான். அணிமைக் காட்சியில் மூடை அவன் முகத்தினும் பெரிதாகத் தோன்றுகின்றது. மஞ்சு வருகின்றது, ஆயின் அதனைக் கண்டு வியக்க ஒருவரும் நிற்பதில்லை. அது வழியை மறைக்கும் இடையூறு. அடுத்த அடியை எங்கே வைப்பது என்னும் ஐயம். ஆண்டு முழுதும் அம்மலையை ஏறி இறங்குபவனுக்கு மலை எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே பார்ப்பவர்க்கும் தோன்றுகின்றது. அழகு அங்கே இல்லாமற் போகவில்லை. அழகை நோக்குதற்கு உரிய ஓய்வு இல்லை. இவ்வேறுபாட்டை உணராது ‘கண்ணுக்கு இனிய காட்சிகள்’ என்று புகழ்வது, சுமப்பவனை விடுத்து மலையை மட்டும் புகழ்வதாகும்.

4. ‘செய்தி’ என்னும் கருப்பொருள்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு ‘செய்தி’ என்பதனையும் ஓதுகின்றார். அது தொழில் எனப் பொருள்படும். நாம் வகுப்பறையில் திணை கற்பிக்கும்போது பூவையும் பறவையையும் முன்வைத்துத் தொழிலைப் பட்டியலின் ஓர் உறுப்பாக மட்டும் ஓதிச் செல்கின்றோம். தினைப்புனம் காத்தல் என்பது தலைவியைத் தலைவன் கண்ணுறுதற்குரிய வாய்ப்பு என்ற அளவில் நின்றுவிடுகின்றது.

ஈஸ்வரின் படைப்புகளில் இவ்வுறுப்பே தலைமை பெறுகின்றது. ரங்கசாமி சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு தானே ஒரு மூடை ஏலம் வாங்கிச் சுமந்து வருங்கால், அது சரிவில் உருண்டு பள்ளத்தில் வீழ்ந்து சிதறுகின்றது. ஏலம் குறிஞ்சியின் கருப்பொருள். அது சிதறுதல் ஒரு மனிதனின் நிலக்கனவு சிதறுதல். இவ்வொப்புமையை எவரும் வாய்விட்டு உரைப்பதில்லை. நிலத்தின் பொருள் ஒன்றன் நிகழ்ச்சியே மனிதனின் நிகழ்ச்சியைக் குறிப்பால் உணர்த்துகின்றது. உள்ளுறை என நம் இலக்கணம் கூறும் முறை இதுவே.

இச்சுமை ஏனைய படங்களிலும் தொடர்கின்றது. ‘வாழை’யில் பள்ளி விடுமுறை நாள்களில் சிறுவர்கள் வாழைத்தார் சுமக்கின்றனர். ஏலமூடை மலைச் சரிவில் இறங்கியது போல, அங்கே வாழைத்தார் வயற்சேற்றிடையே தலைகளின்மீது செல்கின்றது. இறுதியில் தாரும் ஆளும் ஒருங்கே ஏற்றிய லாரி கவிழ்கின்றது. சுமந்தவரே சுமையாக ஏற்றப்பட்டமையின் விளைவு அது. ‘பேரன்பு’ முற்றிலும் வேறான கதை. மூளை முடக்குவாதத்தால் வருந்தும் மகளோடு தனித்து வாழும் தந்தையின் கதை அது. கொடைக்கானல் மலையில் நீர்நிலையருகே அமைந்த வீட்டில் தொடங்கி மாநகரின் இடுக்கமான அறைகளுக்கு இறங்குகின்றது. ஆண்டும் ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சுமத்தலே பொருள். மலையில் அகன்றிருந்த சட்டகம் நகரில் சுவர்களால் நெருக்குண்ணும்போது, கதவும் சாளரமும் அச்சுமையின் எடையை நமக்கு உணர்த்துகின்றன. நிலம் மாற, ஒளியின் தன்மையும் மாறுகின்றது. சுமை மட்டும் மாறுவதில்லை.

5. உள்ளுறை வெளிப்படையாகும் இடம்

புகழ்வதோடு அமைதல் திறனாய்வாகாது. ‘கர்ணன்’ படத்தில் ஈஸ்வரின் கண் தன் அடக்கத்தைச் சில இடங்களில் இழக்கின்றது என்பது எம் கருத்து.

பேருந்து நிற்காத ஊரின் கதை அது. தொடக்கத்தில் ஒரு சிறுமி நடுச்சாலையில் வலிப்புற்றுக் கிடக்க, வண்டிகள் நில்லாது செல்கின்றன. அதனை மேலிருந்து நோக்கும் காட்சி தமிழ்த் திரையின் கடுமையான காட்சிகளுள் ஒன்று. பின்னர் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை ஒன்று அவ்வூரில் தத்தித் தத்தித் திரிகின்றது. விலங்கு ஒரு கருப்பொருள். அதன் கட்டுண்ட கால், போக்குவரவு மறுக்கப்பட்ட ஊரைச் சுட்டுகின்றது. இதுகாறும் அது சிறந்த உள்ளுறை. ஆனால் தலைவன் அக்கட்டை அவிழ்க்க, அது மலையேறி ஓடுவதை நாம் காணும்படி படம் செய்கின்றது. உடனே உள்ளுறை ஏனையுவமமாகி விடுகின்றது. உய்த்துணர வேண்டியது சுட்டிக்காட்டப் படுகின்றது. கழுதையோடு அமையாது முகமூடியணிந்த சிறுதெய்வமும், பருந்தும், பிறவும் அடுத்தடுத்து வருதலால், பார்ப்பவன் நிலத்தைக் காண்பதை விடுத்துக் குறியீடுகளுக்குப் பொருள் தேடத் தொடங்குகின்றான்.

உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளே இடமாகும் எனத் தொல்காப்பியர் வரையறுத்தமை இங்கு எண்ணத்தக்கது. தெய்வம் உவமையாகுங்கால் அது பிறிதொன்றைச் சுட்டுவதில் அடங்காது. தானே பொருளாகித் தனித்து நிற்கும். ‘கர்ணனில்’ இறந்த சிறுமி தெய்வமாகத் தோன்றும் காட்சிகள் வலிமையுடையன. ஆயின் உவமையாக அன்று, வழிபாடாக. இவ்விரண்டையும் ஒரே தன்மையனவாகக் கொண்டு ‘குறியீடு’ என்னும் ஒரு சொல்லால் குறிக்கும் இன்றைய திறனாய்வு, மரபு கண்ட நுண்ணிய வேறுபாட்டை இழந்துவிட்டது.

இவ்வளவும் ஒளிப்பதிவாளரின் பொறுப்போ, இயக்குநரின் பொறுப்போ எனின், திரைப்படத்தில் இரண்டையும் முற்றப் பிரித்தல் இயலாது என்போம். எனினும் ஐந்து படங்களிலும் ஒருங்கே காணப்படும் பண்பை ஒளிப்பதிவாளர்க்கும், ஓர் இயக்குநரிடம் மட்டும் மிக்குக் காணப்படும் பண்பை அவ்வியக்குநர்க்கும் உரியதாகக் கொள்ளுதல் பொருந்தும். சுமையை நோக்கும் பார்வை முன்னதன் பாற்படும். குறியீட்டுச் செறிவு பின்னதன் பாற்படும்.

6. இருத்தலும் பிரிதலும்

இனி, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் இறுதிக் காட்சிக்கு வருவோம். எம் ஆராய்ச்சியின் உயிர்நிலை அதுவே.

பல இடர்களின் பின் ரங்கசாமி நிலம் பெறுகின்றான். பெற்ற நிலத்தை விதைக்கும் உரத்திற்கும் பட்ட கடனாலும், சிறை வாழ்வாலும் இழக்கின்றான். முடிவில் அந்நிலத்தில் காற்றாலை எழுகின்றது. அதன் அடியில் அவன் காவலாளாக இருக்கின்றான். படக்கருவி அவனிடமிருந்து மேலெழுந்து விலகுகின்றது. ஒரு காற்றாலை பலவாகின்றது. மனிதன் ஒரு புள்ளியாகின்றான்.

இக்காட்சியை இருவகையால் ஆராயலாம். முதலாவது, பார்வையின் உயரம். படத்தின் பெரும்பகுதியிலும் நடப்பவனின் உயரத்தில் இருந்த கருவி, நிலம் கைமாறிய பின்னரே வானுக்கு ஏறித் தங்குகின்றது. மேலிருந்து நோக்குங்கால் நிலம் நிலமாகத் தோன்றாது. புல எண்களாகவும் எல்லைக் கோடுகளாகவும் தோன்றும். அது நில அளவைப் படத்தின் பார்வை, பட்டாவின் பார்வை. ட்ரோன் எனும் பறக்கும் கருவி வந்தபின் வானிலிருந்து எடுக்கும் காட்சி திருமண நிகழ்ச்சிகளிலும் மலிந்துவிட்டது. அம்மலிந்த உத்தியையே ஈஸ்வர் இங்கு ஒரு தீர்ப்பாக ஆக்கிவிட்டார். ‘கர்ணனின்’ தொடக்கக் காட்சியும் மேலிருந்தே நோக்குகின்றது; ஆயின் அது கைவிடப்பட்ட உயிரைத் தெய்வம் நோக்கும் பார்வை. இது நிலத்தை உடைமை நோக்கும் பார்வை. ஒரே உத்தி இரு படங்களில் இரு பொருள் பயத்தல் கலைஞனின் ஆற்றலைக் காட்டும்.

இரண்டாவது, உரிப்பொருள். முல்லைக்கு இருத்தலும் பாலைக்குப் பிரிதலும் உரிப்பொருள்களாம். முல்லைத் தலைவி தலைவன் வருவான் என ஆற்றி இருக்கின்றாள். அவ்விருத்தலுக்கு ஒரு முடிவு உண்டு. ரங்கசாமியும் இருக்கின்றான். படம் முழுதும் நடந்தவன் முடிவில் ஓரிடத்து இருத்தப்படுகின்றான். அவன் இருப்பது தன் நிலத்தில். ஆயின் அந்நிலத்தைப் பிரிந்தவனாக இருக்கின்றான். ஒருவன் ஒரு நிலத்தை விட்டு நீங்காமலே அதனைப் பிரிதல் கூடும் என்னும் இந்நிலை பழைய திணைப் பாகுபாட்டில் இடம்பெறாதது.

உரிப்பொருள்கள் தம்முள் மயங்குதல் உண்டு, நிலம் மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பிய முடிபு. இக்காட்சியிலும் நிலம் மயங்கவில்லை. மலை அவ்விடத்தே உள்ளது. அதன் இடைவெளி வழியே மேல்காற்றும் வீசுகின்றது. அக்காற்றைக் ‘கோடை’ என நம் முன்னோர் பெயரிட்டனர். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களைப் போலவே கம்பம் கணவாயும் தமிழகத்தில் காற்றாலைகளுக்கு இடமான வழிகளுள் ஒன்று. நிலமும் பொழுதும் காற்றும் மாறாதிருக்க, உடைமை மட்டும் மாறியது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாதலைச் சிலப்பதிகாரம் கூறும்; அத்திரிபிற்குக் காரணம் வேனிலின் வெம்மை. இங்கே வேனில் இல்லை, மழையும் உண்டு. நிலம் பாலையானது அதனை இழந்தவன் ஒருவனுக்கு மட்டுமே. பாலைக்குத் தனி நிலம் வகுக்காத தொல்காப்பியரின் நுட்பம் இவ்விடத்தில் மேலும் விளங்குகின்றது.

அகத்திணை தலைவன் தலைவியரின் ஒழுக்கத்திற்கு உரியது. அதனை நிலவேட்கைக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. ரங்கசாமியின் கதையை அகப்பாட்டு என யாம் கூறவில்லை. நிலத்தின் பொருள்களைக் கொண்டே மனிதனின் நிலையை உணர்த்தும் முறை இரண்டிற்கும் பொது என்பதே எம் கருத்து. அம்முறை எங்கே நின்றுவிடுகின்றது என்பதையும் கூறினோம்: நிலம் யாருடையது என்னும் வினாவை அப்பாகுபாடு எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பாத திணை ஆராய்ச்சியை இன்றைய கம்பம் பள்ளத்தாக்கின்மேல் ஏற்றினால், அது சுமப்பவனைக் காணாத நாட்காட்டிப் படமாகவே முடியும்.

‘மாமன்னன்’ இவ்வினாவின் மறுபுறம். சட்டமன்ற உறுப்பினரான தந்தை, ஆதிக்கச் சாதியினர் முன் அமராது நிற்க, மகன் அவரை அமரச் சொல்கின்றான். முன்னைப் படத்தில் இருத்தல் தோல்வியின் வடிவம். இதில் இருத்தல் உரிமையின் வடிவம். நிற்பவனையும் இருப்பவனையும் எவ்வுயரத்திலிருந்து நோக்குவது என்பதில் இக்கலைஞர் கொள்ளும் கவனம், மலையில் கற்ற பாடத்தை அறைக்குள்ளும் கொணர்ந்தமையைக் காட்டும்.

7. பாராட்டும் அறிதலும்

‘பேரன்பு’ 2018 ஜனவரியில் ராட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதல் திரையிடப்பெற்றது. அவ்வாண்டே இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாப் பிரிவிலும் இடம்பெற்றது. விழாக்களின் ஏற்பு மகிழ்தற்குரியதே. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்திற்காக அசோக்குமாரும், ‘நாயகன்’ (1987) படத்திற்காகப் பி. சி. ஸ்ரீராமும் ஒளிப்பதிவிற்கான தேசிய விருது பெற்றமையையும் நாம் அறிவோம். ஆயினும் அவ்விருதுகளுக்குப் பின் அவர்தம் ஒளிப்பதிவைப் பற்றி நம் துறைகளில் எழுந்த ஆராய்ச்சி எத்துணை? விருது ஒரு பெயரை நிலைநிறுத்தும். அப்பெயருக்குரியவர் செய்தது யாது என்பதை ஆராய்ச்சியே நிலைநிறுத்தும்.

முதற்பொருளும் கருப்பொருளும் உள்ளுறையும் திணைமயக்கமும் காட்சிக்கலையை ஆராய்தற்குத் தக்க கருவிகள். இத்துணைக் கூரிய கருவிகளைப் பிறமொழித் திறனாய்வாளர் தம் கையில் பெற்றிலர். நாமோ அவற்றைச் சங்கப்பாட்டிற்கு மட்டும் உரியன என மூடிவைத்துவிட்டுத் திரைப்படத்திற்கு வந்தவுடன் இரவற் சொற்களைத் தேடுகின்றோம். தேனி, போடி, உத்தமபாளையம் பகுதிகளினின்றும் முதுகலை பயில வரும் மாணவர் பலர். அவருள் ஏலமூடை சுமந்தோரின் மக்களும் இருத்தல் கூடும். அவர்க்குத் திணை என்பது தேர்விற்கு ஒப்புவிக்கும் பட்டியலாக அமைதல் ஆகாது. தம் தந்தை ஏறிய மலையை நோக்குதற்குரிய கண்ணாக அமைதல் வேண்டும். அவ்வாறு நோக்குங்கால் எவை புலனாகும் என்பதை, இலக்கணச் சொற்களின் உதவியின்றியே, தம் கருவியால் ஒருவர் காட்டியுள்ளார். அதனைச் சொல்லால் விளக்கும் பணி தமிழாராய்ச்சியாளர்க்கு உரியது. அப்பணியை நாம் ஏற்காவிடின், அவர்தம் காட்சிகள் ‘கண்ணுக்கு இனியன’ என்னும் தொடருக்குள்ளேயே அடங்கி மறையும்.